பீப்பாய்க்குப் பின்னால் ஓர் இடம்

"பேசாம வாய மூடிக்கிட்டு போயிட்டு வா. ஊருக்கு உபகாரம் பண்றேன்னு நம்ம அடுப்ப அணைச்சுடாத."

மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு கணவன் சொன்னான். கூரை வேலையில் விழுந்து அவன் படுத்து நாலு மாதம். பள்ளிக்கூடத்தில் சமைத்து அவள் வாங்கும் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"நான் என்ன சொல்லப்போறேன்?" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே.

"உன் மூஞ்சியே சொல்லிடும். அதான் பயம்."

காய்ச்சல் பரவியதால் பள்ளியை மூடி மூன்று வாரமாகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஒரு பை: மாவு, பருப்பு, எண்ணெய். பள்ளி திறக்கும்வரை மாதாமாதம் உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத பிள்ளை இங்கே சாப்பிட்டு வந்ததாகச் சமையல்காரி சாட்சி சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவள் தொண்டையில் முள்.

ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்கு நாலு வயது. ஐந்து நிறைந்தால்தான் பதிவேடு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வருவாள். பதிவேடு படிக்கவா தெரியும் பசிக்கு? ஒரு வருஷமாக அவளைச் சமையலறைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்காரவைத்து ஊட்டினாள் சமையல்காரி. வெளிப்பிள்ளைக்கு ஒரு கரண்டி போட்டதற்காக வேறொரு பள்ளியில் ஒருத்திக்கு வேலையே போயிருந்தது. அதனால் தினமும் சோற்றுக்கு முன் ஒரு பாடம்.

"இங்க சாப்பிட்டியா?"

"இல்ல."

"சமத்து." அப்புறம்தான் கரண்டி.

இன்று பள்ளியில் பை கொடுக்கும் மேசைக்குப் பின்னால் அதிகாரி. வரிசையில் அந்தத் தாயின் முறை வந்தது.

"சார், சின்னவளும் இங்கதான் சாப்பிட்டா. இந்த அக்காவக் கேளுங்க."

"என்னம்மா, சாப்பிட்டாளா?"

"நான் பாத்ததில்ல சார்."

பிசிறில்லாமல் வந்தது. மூஞ்சிகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஏங்க்கா..." என்று தொடங்கிய தாய் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி நல்ல மனுஷன். குனிந்து சின்னவளிடமே கேட்டார். "நீ சொல்லு பாப்பா. இங்க சாப்பிட்டியா?"

குழந்தை சமையல்காரியைப் பார்த்தது. "இல்ல."

"குழந்தை பொய் சொல்லாது," என்று சிரித்தார். "அடுத்த ஆள் வாங்க."

சமையல்காரி உள்ளே போனாள். ஊழியர் என்று அவளுக்கும் ஒரு பை கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பின்வாசலில் அந்தத் தாயை மறித்தாள்.

"இத எடுத்துக்க. எனக்குக் குடுத்ததுதான்."

"உங்க பை எனக்கெதுக்கு? இந்த மாசம் குடுப்பீங்க, அடுத்த மாசம்? பாத்தேன்னு ஒரு வார்த்த. அதுக்கா வாய் வரல? நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க." சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்க இவ?"

பீப்பாய்க்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் சின்னவள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டியிருந்தாள்.

"சோத்தம்மா, கரெக்டாச் சொன்னேன்ல?"

மூன்று வாரமாக எரியாத அடுப்பு. ஆணியில் கரண்டி. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தாய் கூப்பிட்டும் குழந்தை எழவில்லை. பாடம் ஒப்பித்தாயிற்று, இனிச் சோறு வரவேண்டியதுதான்.

சமையல்காரிக்கு மாவுக்கட்டுக் கால் நினைவுக்கு வந்தது. வந்தது போகவும் இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு மேசைக்கு நடந்தாள்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"எந்திரிச்சு வாங்க சார். அவ தினம் எங்க உக்காந்து சாப்பிடுவான்னு காட்டுறேன்."