பீர்க்கங்காய்ச் சோதனை

விடிவதற்கு முன்பே சகுந்தலா சாமையைக் குத்தி முடித்துவிடுவாள். அவளுடைய உலக்கை விழுந்து விழுந்து அந்த இடத்தில் மலையே கொஞ்சம் இறங்கிவிட்டதாக ஊரில் பேச்சு. அளந்து பார்த்தவர் யாருமில்லை. குத்தி, புடைத்து, உமி ஊதி, உலையில் போட்டு, தோளில் ஏறிய வலியையும் தூக்குச்சட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவள் ரோட்டுக்கு வரும்போது பனி இன்னும் கலைந்திருக்காது.

பஸ்ஸை நம்பி அங்கே யாரும் நிற்பதில்லை. நின்ற ஒருவருக்கு நிறுத்தத்திலேயே தாடி நரைத்துப்போனது என்பார்கள். பொய். பாதிதான் நரைத்தது. அதனால் அடிவாரத்துச் செருப்புக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போக, அங்கே வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் ராஜாக்கண்ணு ஒரு பழைய காரை விட்டிருந்தார். ஏழு பேர் உட்காரும் கார். ஏழு பேர் சீட்டில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் அந்த ஏழு பேர்மேல் உட்கார்ந்தார்கள்.

இறங்கும் வழியில் ஒரு வளைவு. முன்சீட்டுக்காரி தலையைத் திருப்பாமலே கடைசி சீட்டுக்காரியின் முதுகைப் பார்க்கலாம், அப்படி ஒரு வளைவு. அங்கேதான் தழைக்காரி இருந்தாள். கோயில் கிடையாது, சிலை கிடையாது. காய்ந்த தழைக் குவியல்தான் சாமி. கடந்துபோகிறவர்கள் ஒரு கொத்துத் தழை போட வேண்டும். எறிந்தால் ஆகாது, கை நீட்டிப் போட வேண்டும். ஜீப்பில் போன காலத்தில் தொல்லையில்லை. அந்த ஜீப்புக்குக் கண்ணாடி ஏது? காரிலும் அதே வழக்கம் நடந்தது. எல்லோருடைய தழையும் கைமாறி ஜன்னலோரத்துக்கு வரும். அங்கே இருப்பவள் குலவையிட்டு எல்லோருக்குமாகப் போடுவாள்.

அன்றைக்கு ஜன்னலோரம் சகுந்தலா. பனியில் ஓட்டுநர் வெற்றிவேலுக்கு ரோடே தெரியவில்லை. பின்சீட்டு எங்கே தெரியும்? மலைக்குக் கீழே செங்கத்திலிருந்து வந்த பையன். "புழுதி பூந்து சீட்டு பாழாவுது, வளைவு வந்தா கண்ணாடிய ஏத்திடு" என்பது முதலாளி உத்தரவு. தழை விழுந்த பிறகு ஏற்றுவதுதான் அவன் வழக்கம். அன்றைக்குத் தழை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தன் பக்கத்துப் பொத்தானைத் தட்டினான். ஒரு தட்டுத் தட்டினால் போதும், கண்ணாடி தானாக ஏறும். ஏறியது. சகுந்தலாவின் வலது கையையும் சேர்த்துக்கொண்டு ஏறியது.

பெண்கள் கத்தினார்கள். தழைக்காரிக்குக் குலவை போடுகிறார்கள் என்று வெற்றிவேல் நினைத்துக்கொண்டான். தினமும் அந்த இடத்தில் அந்தச் சத்தம்தானே? குலவை நிற்கவில்லை என்பது புரிந்து அவன் கண்ணாடியை இறக்கியபோது தழை அவள் கையில் அப்படியே இருந்தது.

எலும்பு முறியவில்லை. மூன்று விரல்கள் மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டன. நரம்பு நசுங்கியிருக்கிறது, உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சில நாள் கழித்துச் சகுந்தலா வேலைக்குப் போனாள். தோலைத் தையல் மெஷினுக்குள் தள்ளினாள். தோலில் சிவப்பாகப் படர்வதைப் பார்த்த பிறகுதான் ஊசி விரலில் இறங்கியிருப்பது தெரிந்தது. வலிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. யாருடைய கையையோ துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே ராஜாக்கண்ணு நின்றிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

"ஓடற வண்டியில கைய நீட்டச் சொன்னது நானா, உன் சாமியா?"

"கண்ணாடிய ஏத்துனது சாமி இல்லீங்க."

"இன்னாமா பேச்சு? நாளையிலருந்து நீ வூட்டுல இரு. இல்ல, என் தப்புதான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிடு. பெருக்கற வேலையாச்சும் வாங்கித் தர்றேன்."

கூட வேலை செய்யும் பெரியம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "பெருக்கறதுக்கு வெரலு வாணாமா மொதலாளி? தொடப்பத்த வாயில கவ்விக்கணுமா?"

சிரிப்பு எழுந்தது. சகுந்தலா சிரிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வேலை நிலைக்கும், சொல்லாவிட்டால் போகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

வீடு திரும்பும் வழியில் பக்கத்துச் சீட்டுப் புவனா மெதுவாகச் சொன்னாள். "எங்க தங்கச்சி வூட்டுக்காரரு காருல எதுனா தட்டுப்பட்டா கண்ணாடி தானா எறங்கிடுதுக்கா. தானா ஏறுற கண்ணாடின்னா அப்படித்தான் இருக்கணும்னு ரூல்ஸே இருக்காம்."

"அந்தக் கண்ணாடிக்கு மரியாத தெரியும்," என்றாள் பெரியம்மாள். "இதுக்கு?"

"கேட்டுப் பாத்துடலாம்," என்றாள் சகுந்தலா.

மறுநாள் விடியலில் கார் வந்தபோது ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பீர்க்கங்காய். கூரைமேல் காய்த்தது, மணிக்கட்டு தடிமன். சகுந்தலா தன்னுடையதை ஜன்னலில் நீட்டினாள்.

"தட்டு தம்பி."

"இன்னாக்கா இது?"

"என் கைன்னு நெனச்சிக்க. தட்டு."

கண்ணாடி ஏறியது. காய் நசுங்கிச் சாறு ஒழுகியது. கண்ணாடி இறங்கவில்லை. அடுத்து புவனாவின் காய். அடுத்து பெரியம்மாளுடையது. வெற்றிவேல் தலையைக் குனிந்துகொண்டே பொத்தானைத் தட்டினான். அன்றைக்கு அந்தக் கார் தின்ற காயை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டு வைக்கலாம்.

"இது எறங்கற வரைக்கும் நாங்க ஏறல," என்றாள் சகுந்தலா. "என் தப்புன்னும் சொல்லல."

யாரும் ஏறவில்லை. செய்தி கேட்டு ராஜாக்கண்ணு பைக்கில் வந்து சேர்ந்தார்.

"மலையில வேற ஆளே இல்லன்னு நெனப்பா?"

"ஆளு கெடைக்கும் மொதலாளி," என்றாள் பெரியம்மாள். "பீர்க்கங்காயும் கெடைக்கும்."

"வாங்குனதுலருந்தே வண்டி இப்படித்தான்!"

அப்போது வெற்றிவேல் கீழே இறங்கினான். "இல்லீங்க. வாங்கறப்ப எறங்கிச்சு. மலை ரோட்டுக் குலுக்கல்ல சும்மா சும்மா எறங்குது, புழுதி வருதுன்னு நீங்கதான் மெக்கானிக்கிட்ட சொல்லி அத நிறுத்துனீங்க." சாவியை பானட்மேல் வைத்தான். "கம்பெனியில கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

"அப்ப நீயும் நடந்து போ."

"நடக்கறேங்க."

நடந்தார்கள். கம்பெனி கேட்டில் எல்லோருமாக நின்று பேசுவது, கேட்கவில்லை என்றால் தொழிலாளர் அதிகாரியிடம் போவது என்று போகிற போக்கிலேயே முடிவானது. என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் ராஜாக்கண்ணு தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார். ஒருத்தியும் ஒதுங்கவில்லை. அவருடைய கார் மலையேறிய நாளிலிருந்து முதன்முறையாக அதன் கண்ணாடிகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன.

வளைவில் நின்று அவரவர் தழையை அவரவர் போட்டார்கள். வெற்றிவேலும் ஒரு கொத்து ஒடித்துப் போட்டான். சகுந்தலா தழையை வலது கைக்கு மாற்றினாள். விரல்கள் அதைப் பிடித்திருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது நழுவப் பார்த்தபோது புவனா அவள் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் சூடு தெரிந்தது.