ஆளுக்கு ஒரு பல்

நான்காம் வகுப்பு அறையின் கூரை மட்டும் ஒழுகாமல் இருந்திருந்தால், என் தங்கையோடு ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கிற கொடுமை எனக்கு நேர்ந்திருக்காது. கூரையைச் சரிசெய்கிற வரைக்கும் எங்களை இரண்டாம் வகுப்பு அறைக்குள் தள்ளிவிட்டார்கள். முன்வரிசையில் பொடிசுகள், பின்வரிசையில் நாங்கள். என் தங்கையை வீட்டிலும் தெருவிலும் பொடி என்றுதான் கூப்பிடுவோம். அவள் நொடிக்கொரு தரம் திரும்பி, அக்கா இருக்கிறாளா என்று பார்ப்பாள். நான் முறைப்பேன். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, மறுபடி திரும்புவாள்.

எனக்கு அப்போதும் கோபம் மூக்குக்கு மேல்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான். ஆனாலும் சொல்கிறேன், என் பள்ளி நாட்களிலேயே மிக நன்றாக இருந்தவை அந்த நெரிசலான அறையில் கழிந்த நாட்கள்தான். அதற்குக் காரணம் கத்தரி டீச்சர். கழுத்தில் நாடா கட்டி ஒரு கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். வீட்டில் தூக்கி எறிகிற எதையும் அவர் விடமாட்டார். காலித் தீப்பெட்டி, பாட்டில் மூடி, தேய்ந்த பல்துலக்கி, எல்லாம் பள்ளிக்கு வந்து சேர வேண்டும்.

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, நட்சத்திரம் செதுக்கி, மையில் தோய்த்து அச்சடித்தோம். இலைமேல் தாளை வைத்து மெழுகுக் கலரால் தேய்த்து நரம்புகளை வரவழைத்தோம். ஹேங்கரின் இரண்டு முனையிலும் டப்பா கட்டித் தராசு செய்து, உன் ரப்பர் கனமா என் ரப்பர் கனமா என்று அடித்துக்கொண்டோம். களிமண்ணில் எழுத்து செய்கிற நாளில் எல்லோருக்கும் அ வந்துவிடும், ழ மட்டும் யாருக்கும் நிற்காது. "டீச்சர், என் ழ உடைஞ்சு ம ஆயிடுச்சு" என்று குண்டூசி அழுவான். ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால் குண்டூசி. "பரவாயில்ல, ம-வும் நல்ல எழுத்துதான்" என்பார் டீச்சர். மணி அடித்தாலும் எங்களுக்கு எழுந்துபோக மனசு வராது.

அந்தச் சமயத்தில் அம்மா வீட்டில் இல்லை. தொலைவில் வேறொரு நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தாள். அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். சமையலும் அவர் தலையில் விழுந்தது. உப்பு ஒரு நாள் தூக்கலாக இருக்கும், மறுநாள் இருக்கவே இருக்காது. நாங்கள் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

அம்மா கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் பொடி அவள் கையை விடவில்லை. எப்ப வருவே, எப்ப வருவே என்று ஒரே பிடிவாதம். மாதக் கணக்கெல்லாம் அவளுக்குப் பிடிபடாது. அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பொடியின் மேல் முன்பல் ஒன்று அப்போதுதான் ஆட ஆரம்பித்திருந்தது.

"இந்தப் பல்லு விழுந்து, அங்க புதுப்பல்லு முளைக்கும் பாரு, அப்ப அம்மா வந்து நிப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மாவின் கணக்கு, பல் விழவே ரொம்ப நாளாகும் என்பது. பொடி யார்? அன்று சாயங்காலமே நாக்கால் நெம்ப ஆரம்பித்துவிட்டாள். சாப்பிடும்போது நெம்புவாள், படிக்கும்போது நெம்புவாள். அந்த வாரமே பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "விழுந்தாச்சு. இனிமே முளைக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள். பல்லைத் தாளில் மடித்துப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். ஈறு ஈறாகவே இருந்தது. முளைக்கிற வழியைக் காணோம்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் பூண்டு நடப்போகிறோம் என்று சொன்னார். பூண்டு என்று அவர் சொன்ன நேரத்தில் பொடி தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"மறந்துடாதீங்க. நாளைக்கு ஆளுக்கு ஒரு பல் கொண்டு வரணும். நல்ல பல்லா பாத்து எடுத்துட்டு வாங்க, சொத்தையா இருந்தா முளைக்காது. கூர் பக்கம் மேல இருக்கற மாதிரி மண்ணுல வெச்சு, தினம் கொஞ்சம் தண்ணி ஊத்தினா சீக்கிரமே முளைச்சுடும்."

அன்று சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து நான் பூண்டை உதிர்த்தேன். எனக்கு இரண்டு பல் எடுத்துக்கொண்டேன், ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று இருக்கட்டுமே என்று. பொடிக்கு ஒன்றை நீட்டினேன்.

"எனக்கு வேணாம். என்கிட்ட இருக்கு."

"உனக்கு ஏது?"

"இருக்குன்னா இருக்கு."

வேண்டாம் என்கிறவளிடம் கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் காகிதக் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பெயரெழுதி ஒட்டி, பல்லை நட்டோம். அறையெல்லாம் பூண்டு நாற்றம். பொடி யாருக்கும் காட்டாமல் சட்டென்று மண்ணைப் போட்டு மூடியதைப் பார்த்தேன். கோப்பைகள் எல்லாம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன.

அதற்குப் பிறகு காலையில் மணி அடிப்பதற்கு முன்பே எல்லோரும் ஜன்னலில் தொங்குவோம். முதலில் குண்டூசியுடையது பச்சையாக மூக்கை நீட்டியது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. என்னுடையதில் இரண்டுமே வந்துவிட்டன. காகிதத்தை நீளமாகக் கத்தரித்துத் தினமும் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து குறித்தோம். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்ததும் உண்டு, கோணிக்கொண்டு போனதும் உண்டு. பொடியின் கோப்பையில் மட்டும் வெறும் மண். அவள் பாவம், ஊற்றி ஊற்றி அதைச் சேறாக்கி வைத்திருந்தாள்.

"உன் பூண்டு செத்துப்போச்சு" என்றான் குண்டூசி.

"இன்னொரு தரம் சொன்னே, உன் பல்லை உடைச்சிடுவேன்" என்றேன் நான். என் தங்கையை நான் திட்டலாம், ஊரான் திட்டக்கூடாது.

பொடி சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா, என் பல்லு சொத்தையா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னிடம்தான் இரண்டு இருக்கிறதே, ஒன்றை அவள் கோப்பையில் நட்டுவிட்டால் தீர்ந்தது என்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது ஐஸ் குச்சியால் அவள் கோப்பையைத் தோண்டினேன்.

வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. கல் என்று நினைத்தேன். விரலால் துடைத்தேன். பல். பூண்டுப் பல் இல்லை. என் தங்கையின் பல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் வாசலில் பொடி.

"தொடாதேக்கா. அதை எடுத்துட்டா முளைக்காது."

"அடி மக்கு, இதை யாராவது நடுவாங்களா?"

"டீச்சர்தான் பல்லு கொண்டு வரச் சொன்னாங்க. மண்ணுல வெச்சா சீக்கிரம் முளைக்கும்னு சொன்னாங்க." அவள் உதடு துடித்தது. "முளைச்சாத்தானே அம்மா வருவாங்க."

சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. பின்னால் கத்தரி டீச்சர் சாப்பாட்டு டப்பாவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்லை வாங்கிக் குழாயில் கழுவி, கைக்குட்டையில் துடைத்து, பொடியின் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பு என் மேலதாம்மா. பூண்டுப் பல்லுன்னு விவரமா சொல்லியிருக்கணும். இந்தப் பல்லு மண்ணுல முளைக்காது. இது முளைக்கற இடம் உன் வாய்க்குள்ள இருக்கு."

அன்று மதியம் கணக்குப் பாடம் போயே போச்சு. டீச்சர் எங்கிருந்தோ கைக்கண்ணாடிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்து, தாளில் வட்டம் போட்டுப் பல் வரைய வேண்டும். விழுந்த இடத்துக்குக் கறுப்பு, ஆடுகிற பல்லுக்கு மஞ்சள். "பல்லைக் காட்டாதே" என்று திட்டு வாங்கியே வளர்ந்த கூட்டம் அது. டீச்சரே காட்டச் சொன்னால் விடுமா? அறை முழுக்க ஈ என்று ஒரே இளிப்பு. குண்டூசியின் படத்தில் எள் விழ இடமில்லாமல் மஞ்சள் வட்டம்.

பொடிக்கு ஜோடி நான். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் மேலுதட்டைத் தூக்கினேன். சிவந்த ஈறில் மெல்லிய வெள்ளைக் கோடு. விரலால் தடவினேன், சுருக்கென்றது.

"டீச்சர், பொடிக்குப் பல்லு முளைச்சாச்சு" என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பொடி கண்ணாடியைப் பிடுங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில், "அக்கா, அம்மா இன்னைக்கே வந்திருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பயிற்சியை இன்னும் சில மாதம் நீட்டிவிட்டார்கள் என்று அப்பா முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். பொடியிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். "ரயில் வரணுமில்ல" என்று மழுப்பினேன். வீட்டுக்கு வந்தோம். வழக்கம்போலப் பூட்டு தொங்கியது. அவள் பையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். அப்பா வருகிற வரைக்கும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களையும் டிப்போவுக்குக் கூட்டிப்போயிருந்தார், அங்கே அலுவலகத்துக்கு அம்மாவின் போன் வந்தது. அம்மா முதலில் அப்பாவிடம் பேசினாள், பிறகு என்னிடம். கடைசியில் பொடியின் காதில் போனை வைத்தேன். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"என்னடா கண்ணு, பல்லு முளைச்சுதா?"

இதோ கேட்கப்போகிறாள், சத்தியம் செய்தாயே என்று அழப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் பொடி.

"அப்படியா? சரி, மெதுவா முளைக்கட்டும்." அம்மாவின் குரலில் அவ்வளவு நிம்மதி.

"ஆமாம்மா. அது மெதுவாத்தான் முளைக்கும்."

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "ஏண்டி பொய் சொன்னே?"

"முளைச்சுடுச்சுன்னு சொன்னா, அம்மா சொன்ன மாதிரி வரலைன்னு ஆயிடும்ல? பாவம்க்கா அம்மா."

அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு பொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். சிரிப்பு வந்தால் மேசைக்கடியில் குனிந்துகொள்வாள். வகுப்பு போட்டோவில் அவள் மட்டும் உம்மென்று இருப்பாள், அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. கத்தரி டீச்சர் காரணத்தைக் கேட்கவில்லை. படம் எடுக்கிறவர், "சிரி பாப்பா" என்றபோது, "அவ இப்படித்தான் நல்லா இருக்கா, எடுங்க" என்று சொல்லிவிட்டார். குண்டூசிகூட வாயைத் திறக்கவில்லை. அவனை அடிக்காமலே அவன் அப்படி இருந்தது எனக்கு ஆச்சரியம்தான். நாலாம் வகுப்புக் கூரை சரியாகி, நாங்கள் எங்கள் அறைக்குத் திரும்பினோம். யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்காத வகுப்பில் உட்கார எனக்குப் பிடிக்கவே இல்லை.

மாதங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், அம்மா பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பொடி ஓடினாள். கட்டிக்கொள்வதற்கு முன்னால் நின்று, இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பல் முழுசாக வளர்ந்து, பக்கத்துப் பல்லும் விழுந்து அதுவும் முளைத்திருந்தது.

"இப்பதாம்மா முளைச்சுது. காலையிலதான். நீ சரியா வந்துட்டே."

அம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, காலையிலதான்" என்றேன்.

"நல்ல வேளை" என்றாள் அம்மா. "ஒரு நாள் தள்ளி வந்திருந்தேன்னா, சொன்ன சொல்லு தப்பியிருக்கும்."

பொடி அவள் கன்னத்தைத் தடவி, "தள்ளி வந்திருந்தாலும் பரவாயில்லம்மா. நான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள்.

அம்மா பெட்டியைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.