இரண்டே கால் கிலோ ஸ்வரம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு இருபதுக்கு ஆண்ட்ரூவின் கைப்பேசியிலிருந்து இரண்டே கால் கிலோ எடையுள்ள ஒரு ஸ்வரம் கீழே விழுந்து, சமையலறை டைல் ஒன்று உடைந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அன்று மழை இல்லை, கரண்ட் இருந்தது, அவன் மனைவி ஐரின் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விழுந்தது கறுப்பாக, விளாம்பழ அளவில், இவ்வளவு நேரம் யாரோ கைக்குள் வைத்திருந்து கொடுத்ததைப்போல இளஞ்சூடாக இருந்தது. ஐரின் துடைப்பத்தை எடுத்து வந்து தள்ளிப் பார்த்தாள், அது அசையவில்லை. ஆண்ட்ரூ குனிந்து ஒரு கையால் ஏந்திப் பார்த்து, இரண்டே கால் என்றான். மறுநாள் மளிகைக்கடைத் தராசும் அதையேதான் சொன்னது. இருபத்திரண்டு வருடமாக ஹென்னூர்ப் பக்கம் ஒரு கிரானைட் யார்டில் பலகைக்கல் தூக்குகிறவனுக்குத் தராசு எதற்கு? இந்த அளவுக்கு இந்த எடை எந்தக் கல்லிலும் வராது என்பதும் அவனுக்குத் தெரியும். விரல் முட்டியால் தட்டினான். தும் என்றது. அது பேஸ் கிட்டாரின் ஈ தந்தி, வாசித்தது இளவேனில். அதிலும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அவள் அனுப்பிய வாசிப்பைத்தான் அந்த நிமிடம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

இளவேனில் திருப்பத்தூர்க்காரப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை, பி.ஜி. விடுதியில் ஓர் அறை, அதில் ஐந்து தந்தி வைத்த பேஸ் கிட்டார் ஒன்று. அவளை ஆண்ட்ரூ நேரில் பார்த்ததில்லை. அவளை என்ன, குழுவில் இருந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை. குழுவுக்குப் பெயர் 'கீழ்த்தந்தி'. பெங்களூரில் பேஸ் கிட்டார் வாசிக்கிற, தமிழ் பேசத் தெரிந்த ஆட்கள் கைப்பேசியில் கூடிக்கொண்ட இடம் அது. அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கச்சேரி போட்டோவில் தங்களை மட்டும் ஓரமாக வெட்டிவிடுகிறார்கள் என்பார்கள். வாசித்தால் ஒருவரும் கவனிப்பதில்லை, நிறுத்தினால் மட்டும் என்னமோ குறையுதே என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பார்கள். பழைய தந்தியைக் கொதிதண்ணீரில் போட்டு அழுக்கெடுத்தால் இன்னும் ஆறு மாதம் ஓடுமா ஓடாதா என்று இரண்டு வாரம் சண்டை போடுவார்கள். மாலையானால் ஒருவர் நான்கு சுற்று வாசித்து அனுப்ப வேண்டும். அவர் எந்த ஸ்வரத்தில் விட்டாரோ அதிலிருந்துதான் அடுத்தவர் எடுக்க வேண்டும். கனத்த கல்லை நெடுந்தூரம் கொண்டுபோகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வதைப்போல இருக்கிறது என்று ஆண்ட்ரூ ஒருமுறை சொல்ல, அந்த வழக்கத்துக்குத் தோள்மாற்று என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆண்ட்ரூவுக்கு பேஸ் கிட்டார் வந்தது சர்ச்சில். பாடகர் குழுவில் அதை வாசிக்க ஆள் இல்லை, தந்தி தடிமன், அழுத்த விரலில் பலம் வேண்டும், அவனிடம் விரல் இருந்தது. குழுவில் சேர்ந்தபோது அவனுக்கு எழுத்து தெரியாது. முதல் வருடம் முழுக்க எல்லோரும் எழுதுவதை ஐரின்தான் உரக்கப் படித்துக் காட்டினாள், அவன் குரல் அனுப்பிப் பதில் சொன்னான். அவனுக்காக மற்றவர்களும் அவ்வப்போது குரல் அனுப்ப, அப்படியே முப்பத்தெட்டுப் பேரின் வீட்டு விஷயமும் தந்தி விஷயமும் குரலும் ஐரினுக்கு மனப்பாடமானது. ஒருநாள் அவள், "எனக்குத் தொண்டை காஞ்சு போச்சுங்க. இனிமே நீங்களே படிங்க" என்று அரிச்சுவடி ஒன்றை வாங்கி வந்து போட்டாள். நாற்பத்தொன்பது வயதில், வேலை முடிந்து வந்து, இடுப்புக்குத் தலையணை அண்டக் கொடுத்துக்கொண்டு, பத்து மாதத்தில் அவன் படித்துவிட்டான். அவன் தானாகப் படித்த முதல் செய்தி, தந்தி அறுந்துபோச்சு என்று யாரோ போட்டது. வருத்தமான அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவன் வெகுநேரம் சிரித்தான்.

ஸ்வரம் விழுந்ததற்குக் காரணத்தை உமேஷ் சொன்னான். அவன் அல்சூரில் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறவன், ஓய்ந்த நேரத்தில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பான். "இயர்போன் இல்லாம கேட்டியா குரு? போன் ஸ்பீக்கர் அவ்ளோ சின்னது. கீழ நோட் அதுல சத்தமா வெளிய வராது. வராதது எங்க போவும்? விழும்." இது எல்லோருக்கும் சரியாகப்பட்டது. எல்லோரும் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சோதித்தார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் டிக் டிக் என்று நகம் சுரண்டும் சத்தம்தான் வந்தது, எதுவும் விழவில்லை. ஆண்ட்ரூ புது இயர்போன் வாங்கி மாட்டினான். காதில் ஸ்வரமும் கேட்டது, தரையில் கல்லும் விழுந்தது. ஒருமுறை வழி கண்டுகொண்டதால் அது அப்படியே நடந்தது. மூன்றாவது டைல் உடைந்தபின் ஐரின் ஒரு கோணிப்பையை நான்காக மடித்துக் கைப்பேசிக்குக் கீழே விரித்து வைத்தாள்.

ஒவ்வொருவர் வாசிப்பிலும் கடைசி ஸ்வரம், அதாவது அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, அதுதான் விழுந்தது. ஈ என்றால் இரண்டே கால் கிலோ, ஏ என்றால் ஒன்றே முக்கால், டி ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கம்மி, ஜி ஒரு முற்றின தேங்காய். ஈயைவிடத் தடித்த, இளவேனிலின் ஐந்தாவது தந்தி மூன்றரைக் கிலோ, அது விழுந்த அன்று கட்டில் கால் வளைந்தது. சிவாஜிநகரில் கைப்பேசிக் கடையில் நிற்கிற கிஷோர் எப்போதும் அவசரமாக வாசிப்பவன், அவனுடையது மட்டும் கடுகைப்போலச் சிதறி விழும், ஐரின் முறத்தில் கூட்டி அள்ளுவாள். "கிஷோர் வாசிச்சா மளிகை, இளவேனில் வாசிச்சா லோடு" என்று உமேஷ் எழுதினான். கிஷோர் விடவில்லை. "என்னோடதாவது கடுகு. ஆண்ட்ரூ அண்ணா அனுப்பறது எங்க போன்ல காத்தாத்தான் வருது. வெயிட்டே இல்ல போல." எல்லோரும் சிரித்தார்கள், ஆண்ட்ரூவும் சிரிக்கிற முகம் ஒன்றைத் தேடிப் போட்டான். ஆனால் மறுநாள் யார்டில் எட்டடிப் பலகைக்கு எதிர்முனையில் குனிந்தபோது அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்தது. மற்றவர்களின் கனமெல்லாம் தன் வீட்டில் கிடக்க, தன்னுடையது எங்கேயும் விழாமல் போகிறதே என்று நினைத்துக்கொண்டே தூக்கினான்.

ஜூலையில் தொடங்கியது, அக்டோபருக்குள் இருநூற்றுப் பதினாலு ஆகிவிட்டது. வீடு மாடியில், ஓர் அறையும் சமையலறையும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, பைபிள் வைக்கிற பலகையின் ஓரத்தில், எங்கும் ஸ்வரங்கள். லாரி போனால் எல்லாம் சேர்ந்து முனகும். அந்த முனகலில் உறக்கம் நன்றாக வருகிறது என்று ஐரின் ஒப்புக்கொண்டாள். ஆனால் கீழே குடியிருக்கிற வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா, தன் தலைக்கு மேலே கூரையில் விரிசல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, முட்டி வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். "ஏனு ஆண்ட்ரூ, மேல கல்லு அங்கடி வெச்சிருக்கியா? நான் கீழ படுத்துக்கறதா, எந்திரிச்சு ஓடறதா? மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு இது போகணும், இல்ல நீ போகணும்பா." அவர் சொன்னதில் தப்பில்லை. கல்லை ஒருநாள் அப்புறப்படுத்தலாம், மறுநாள் மாலை மறுபடி விழும். ஐரின் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "குரூப்பை விட்டு வந்துடுங்க. எனக்கு மட்டும் ஆசையா? பதினோரு வருஷமா இருக்குற வீடு. இந்த இடுப்பை வெச்சிக்கிட்டு வேற வீட்டுக்கு எங்க தூக்கிட்டுப் போவீங்க?"

வெளியே வருவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆண்ட்ரூ அதை மூன்று நாள் அழுத்தாமல் இருந்தான். யார்டில் அவனை ஏய் மேஸ்திரி ஆளு என்றுதான் கூப்பிடுவார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் சர்ச்சும் இந்தக் குழுவும்தான். நான்காம் நாள், சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்து வரி எழுதினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. வீடு கனம் தாங்கவில்லை, கிருஷ்ணப்பா நல்ல மனுஷன், அவர் தலையில் விழக்கூடாது, ஆகையால் நான் போகிறேன், தோள்மாற்றில் என் இடத்தை உமேஷ் எடுத்துக்கொள்ளட்டும், எல்லோரும் தந்தியைத் துடைத்து வைக்கவும். இதை அனுப்பினான். பிறகு இளவேனில் எழுதினாள்: "போகாதீங்க அண்ணா. அட்ரஸ் போடுங்க." அதற்குக் கீழே உமேஷ்: "ஆட்டோ இருக்குது குரு." அதற்குக் கீழே கிஷோர்: "எங்க கனத்த நாங்க தூக்க மாட்டமா? ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் வர்றோம்."

முப்பத்தோரு பேர் வந்தார்கள். ஒருவரையொருவர் முகம் தெரியாததால் கிருஷ்ணப்பாவின் வாசலில் கல்யாண வீடு தவறி வந்தவர்களைப்போல நின்றார்கள். ஐரின் படிக்கட்டின் மேலே நின்று, ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை பேசச் சொல்லி, குரலை வைத்துப் பேர் சொன்னாள். "நீ கிஷோர். அவசரக்காரன். உன் கடுகைப் பொறுக்கியே எனக்கு முதுகு போச்சு." "நீதானே இளவேனில்? இவ்ளோ ஒல்லியா இருந்துக்கிட்டா மூணரைக் கிலோ அனுப்புன?" அப்புறம் வேலை தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பேஸ் வாசிக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர்கள் செய்தார்கள். கல்லைத் தூக்காமல் ஆளுக்கொன்றைத் தட்டிப் பார்த்துத் தன்னுடையது எது என்று தேடினார்கள். தேடி எடுத்ததும் சுருதி சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். உமேஷ் சட்டைப்பையிலிருந்து சுருதி பார்க்கிற சின்னக் கருவியை எடுத்தான். அவ்வளவுதான், மூன்று மணி நேரம் போயிற்று. "இது என்னோடது இல்ல, இது ஃப்ளாட்." "உன்னோடதுதான் மச்சா, நீ வாசிச்சதே ஃப்ளாட்." "விழுந்த வேகத்துல இறங்கியிருக்கும்." "கல்லு இறங்குமா? நீதான் இறங்குவே."

இந்த ரகளையில் திட்டுவதற்காக எழுந்து வந்த கிருஷ்ணப்பா, யாரும் காது கொடுக்காததால், வாசல் பெஞ்சில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த ஓர் ஈ ஸ்வரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். உள்ளே தட்டத் தட்ட அதோடு பெஞ்சும் சேர்ந்து அவருக்குக் கீழே மெல்ல அதிர்ந்தது. அரை மணி கழித்து, போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல எழுந்தார். சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிட்டதை நின்றபிறகுதான் கவனித்தார். இரண்டு வருடமாக அப்படி எழுந்ததில்லை. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு, "இந்தக் கல்லு ஒண்ணு இங்கயே இருக்கட்டும். இனிமே விழறது எவ்ளோ வேணா விழட்டும், வாரத்துக்கு ஒருக்கா கீழ இறக்கிடணும். மேல மட்டும் சேரக்கூடாது, ஆமா" என்றார்.

அதன்பிறகு பதினேழு படியிலும் ஆட்கள் நின்று, கையிலிருந்து கைக்கு, தோளிலிருந்து தோளுக்கு, இருநூற்றுப் பதின்மூன்று ஸ்வரங்களையும் கீழே இறக்கினார்கள். தோள்மாற்று என்பதை மூன்று வருடமாகச் சொல்லிவந்தவர்கள் அன்றுதான் செய்தார்கள். ஆண்ட்ரூ பழக்கதோஷத்தில் குனிந்தபோது இளவேனில் குறுக்கே வந்து நின்றாள். "நீங்க நில்லுங்க அண்ணா. தினமும்தான தூக்கறீங்க." அவன் நின்றான். சும்மா நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டான். கிளம்பும்போது ஆளுக்கொரு ஸ்வரத்தை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதியை உமேஷ் இரண்டு நடையில் கிரானைட் யார்டுக்குக் கொண்டுபோனான். அங்கே புங்கமரத்தடியில், மதியம் சோறு தின்ன உட்காருகிற இடத்தில், அவை வரிசையாகப் போடப்பட்டன. லாரி வந்து போகும்போதெல்லாம் அவை முனகும். ஒரு மாதத்தில் யார்டு ஆட்கள் எந்த வலிக்கு எது என்று தங்களுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்: முட்டிக்கு ஈ, தோளுக்கு ஏ, இடுப்புக்கு டி. கிஷோரின் கடுகை ஒரு சாக்கில் கொட்டிக் குதிகால் வலிக்காரர்கள் கால் வைத்துக்கொண்டார்கள். ஆண்ட்ரூவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இந்த வாரம் புதுசு எப்போது வரும் என்று கேட்டார்கள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆண்ட்ரூவின் முறை வந்தது. அவன் நான்கு சுற்று வாசித்து, ஈ தந்தியில் விட்டு, அனுப்பினான். இரண்டு நிமிடம் கழித்து இளவேனிலிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவள் ஞாபகத்துக்கு எடுத்துப்போன மூன்றரைக் கிலோவின் பக்கத்தில், கறுப்பாக, விளாம்பழ அளவில் இன்னொன்று. "அண்ணா, இப்பதான் என் போன்லருந்து விழுந்துச்சு. உங்களோடது." அவன் அதை நான்கு முறை படித்தான். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஏந்திப் பார்த்து எடை சொல்லு என்று எழுதினான். விடுதிச் சமையற்கட்டில் வெயிட் பார்க்கிற மெஷின் இருக்கிறதாம், அதில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ரெண்டே கால். இன்னும் சூடா இருக்கு." கிஷோர் உடனே, சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று போட்டான். ஆண்ட்ரூ கைப்பேசியை ஐரினிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை ரூம்ல டைல் ஒடைஞ்சுதான்னு கேளுங்க" என்றாள். கேட்டான். இல்லை அக்கா, கட்டில்மேல்தான் விழுந்தது என்று பதில் வந்தது. அதற்குள் அல்சூரிலிருந்து உமேஷ் அந்த ஈயிலேயே தொடங்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டான். ஐரின் கோணிப்பையை உதறி, நான்காக மடித்து, கைப்பேசிக்குக் கீழே விரித்தாள்.