கமலநாதன் வேகம் கூட்டிய கணினி

மாதவியின் கல்யாண விருந்தில் திரையிடப் படத்தொகுப்பு செய்து தருவதாகக் கமலநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். மாதவி அவர் மனைவி குமுதாவின் தங்கை மகள். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்த வாக்கு. மலேசியாவின் கிள்ளான் நகரில் அவர் வீட்டில் இருந்த மேசைக் கணினியோ மாதவி ஆரம்பப் பள்ளிக்குப் போன காலத்தில் வாங்கியது. பழைய படங்களை வீடியோவாக்கச் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல் அரைநாள் எடுத்துக்கொண்டது.

"புதுசு ஒன்னு வாங்கிடலாம் லா," என்றாள் குமுதா.

"எதுக்கு? இதுக்குள்ள இன்னும் ஸ்பீட் இருக்கு. செஞ்சவன் பயந்துபோய் அடக்கி வெச்சிருக்கான். ஓவர்கிளாக் பண்ணா வெளிய வரும்."

ப்ராசஸரை உருவாக்கிய பொறியாளர்கள் அத்தனை பேரும் கோழைகள் என்பதை, சுபாங் ஜெயாவில் காப்புறுதி விற்கும் கமலநாதன் யூடியூப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். வேகத்தைக் கூட்டினார். கணினி எழ மறுத்தது. மின்னழுத்தத்தையும் கூட்டினார். எழுந்தது, அடுப்புபோல் சுட்டது. பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். போதவில்லை. எனவே வீட்டில் ஏர்கோன் இருந்த ஒரே அறையான படுக்கையறைக்குக் கணினி குடியேறியது. குமுதா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு துணி மடித்தாள்.

"ஏங்க, அதுக்குப் போர்வை வேணுமான்னு கேளுங்க."

ஆனாலும் வேலை நடந்தது. ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் வீடியோ தயார். குமுதா அதைத் தன் கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொண்டு, "இதுவே போதும்," என்றாள். தரம் போய்விடும் என்று சொல்லி, கமலநாதன் கணினியையே பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபத்துக்குத் தூக்கிப் போனார்.

மண்டபத்தில் மின் இணைப்பு கிடைத்த இடம் உணவு மேசையின் ஓரம். கோழி வறுவல் ஆறாமலிருக்க, தட்டுக்கு அடியில் சிறு தீ எரிந்துகொண்டிருந்தது. கமலநாதன் அதைக் கவனிக்கவில்லை, கைத்தட்டலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னிருந்த பெரிய திரையில் மாதவி பிறந்த படம் வந்தது. தவழ்ந்த படம் வந்தது. அடுத்து மோரிப் கடற்கரைப் படம்: கமலநாதன் பாயில் மல்லாந்து வாயைத் திறந்து தூங்க, அவர் வயிற்றின் மேல் குழந்தை மாதவி. அதோடு கணினி உறைந்துவிட்டது.

"அங்கிள், ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடவா?" என்றார் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட தம்புசாமி.

"வேணாம். கொஞ்சம் கூல் ஆவட்டும்."

ஆகவில்லை. விருந்தினர்கள் மேடையேறி மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் படத்திலும் பின்னால், சுவரளவுக்குக் கமலநாதனின் திறந்த வாய். கடைசியில் கருகல் வாடை வந்து திரை இருண்டது. கோழி என்று நினைத்துச் சமையல்காரர் ஓடிவந்தார்.

குமுதா தன் கைப்பேசியைத் தம்புசாமியிடம் நீட்டினாள். மீதி வீடியோ முழுவதும் ஓடியது. தரம் போய்விட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை. கமலநாதன் தலைகுனிந்து மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாதவி பட்டுப்புடவையைப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி அவரிடம் வந்தாள்.

"பெரியப்பா, அந்த மோரிப் படம் என்கிட்ட இல்ல. எனக்கு அனுப்புங்க."

அவர் சுருட்டிய கம்பியைக் கீழே வைத்தார். தலையை ஆட்டினார்.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தம் ப்ராசஸர் கடமையாற்றும்போதே உயிர்நீத்ததாக அவர் அறிவித்தார். அதற்குக் கீழேயே மாதவி மோரிப் படத்தைப் போட்டாள். அதன்மேல் இதயங்கள் குவிந்தன. ப்ராசஸருக்கு யாரும் இரங்கல் தெரிவிக்கவில்லை.