பாறு இறங்காத வாக்கியம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு பாறு. பிணம் தின்னும் பெரிய பறவை. கழுகு என்று கூப்பிட்டால் அதற்குப் பிடிக்காது. ஒரு மதியத் தூக்கத்தில் என் நாற்காலிக் கையில் வந்து உட்கார்ந்து, "நீ இன்னும் சாகலையா?" என்று விசாரித்தது.

"கொஞ்சம் எழுத்து வேலை பாக்கி" என்றேன்.

"அப்ப எங்களைப் பத்தி எழுது. காத்திருக்கோம்."

என் மனைவி இதை நம்புவதில்லை. நாற்காலியில் நகக்கீறல் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

2

முதல் தொடக்கம்: மலைமேல் மஞ்சள் வெயில், மறந்துபோன ஒரு

(வேண்டாம். வெயில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த ஊரில் மாடு செத்தால் புதைப்பதில்லை. பாறைமேட்டில் கிடத்துவார்கள், பாறுகள் இறங்கித் தின்னும். எதிர்ச்சரிவுக் குடிலில் ஒளிந்திருந்து பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்கள் தங்க ஒரு விடுதி உண்டு. அவர்களால் ஊருக்குப் பிழைப்பு. ஒரே கட்டுப்பாடு, மாட்டுக்கு ஒரு வகை வலிமருந்து ஊசி போட்டிருக்கக் கூடாது. அது போட்ட மாட்டைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். (இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாயிருக்கும்.)

வீடுவீடாக ஏறி இறங்கி, எல்லோரையும் அந்த ஊசியை விடவைத்தவள் விடுதிக்காரி.

3

அவள் கணவரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. எழ முடியாமல் முனகிய கிழப்பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பரணில் அந்தப் பழைய ஊசிமருந்து கொஞ்சம் மிச்சமிருந்தது. போட்டார். பசு முனகாமல் செத்தது.

"ஊசி கீசி போடலையே?" என்றாள் விடுதிக்காரி.

"தடவிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"உன்னைப் பாத்தா பயமா இருக்கு. கல்யாணத்தன்னிக்கே அப்படித்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் காரியம் கெட்டது.

4

பசு இப்போது பாறைமேட்டில். அவள் விருந்தாளிகளோடு குடிலில். அவர் ஒரு புதருக்குப் பின்னால். பாறுகள் வந்து நாளாகிவிட்டது, இன்றும் வராது, சாயங்காலம் புதைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

வந்துவிட்டன. சத்தமே இல்லாமல், யாரோ உறக்கத்தில் நினைத்துக்கொண்டதுபோல, வானத்தில் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. மலையிடுக்கில் குஞ்சு வைத்திருக்கும் ஒரே சோடி.

5

முடிவு ஒன்று: அவர் வாய்மூடி இருக்கிறார். பாறுகள் வயிறாரத் தின்று, குஞ்சுக்கும் கொண்டு

(எழுத மாட்டேன். பாறு என் நாற்காலிக்குத் திரும்பி வரும்.)

முடிவு இரண்டு: கையை வீசிக் கத்திக்கொண்டு ஓடுகிறார். பறவைகள் கலைகின்றன. விருந்தாளிகள் படமெடுக்கிறார்கள். அவள் குடிலைவிட்டு வெளியே வந்து, "என்னங்க இது?" என்கிறாள். அவர் வாயைத் திறந்து

(இங்கே அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் கண்ணாடியைத் துடைக்கிறேன்.)

6

எனவே முதலில் வந்த பாற்றை இந்த இடத்தில், பசுவுக்கு ஒரு முழம் மேலே, நிறுத்தி வைத்திருக்கிறேன். கனமான பறவை. எனக்கோ தோள்வலி.

நீங்கள் ஒரு உதவி செய்யலாம். இப்போதே, இருக்கிற இடத்திலேயே, பலமாகக் கைதட்டுங்கள், அது பறந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் எதற்கு என்று கேட்பார். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

அவரும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் புதருக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் உரக்கச் சொல்லுங்கள். அவருக்கும் கேட்கட்டும்.