மச்சானுக்கு ஒரு லைன், சம்பந்திக்கு ஒரு லைன்

அந்த மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியின் கணக்கு, சரக்கு, பில் எல்லாமே கிளவுடுக்குக் குடிபோய்விட்டன. அங்கே போய்வர ஒரு தனி இன்டர்நெட் லைன் வேண்டும். லைன் நின்றால் பில் வராது. பில் வராவிட்டால் லாரிகள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன் வரும். போன தடவை நின்றபோது முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்து, "இனிமே யாரால லைன் நிக்குதோ, அவங்க அன்னிக்கே வீட்டுக்குக் கிளம்பிடணும்" என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது ஒருத்தியைத்தான். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். குடோன் ஆட்கள் வைத்த பேர் லைன் அக்கா. அவள் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. அன்றிலிருந்து லைன் என்றாலே அவளுக்குப் பயம்.

புது லைன் கொடுக்க மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்க கேபிள் எந்த வழியா உள்ள வருது?"

முதலில் வந்தவர் முதலாளியின் மச்சான். பதிலுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். பூமி சுற்றியது, மேகம் சிரித்தது, ஒரு குழந்தை கை தட்டியது. கேபிளை மட்டும் கடைசிவரை காணோம்.

அடுத்தவர் சம்பந்தி, முதலாளி மகளின் மாமனார். "எங்களோடது தனி வழிம்மா, ராஜபாட்டை" என்றார்.

"எந்தத் தெரு சார்?"

சம்பந்தியின் முகம் சுருங்கியது. முதலாளி அவளை வெளியே கூப்பிட்டு, "போலீஸ் மாதிரியா கேள்வி கேப்பே? என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்மா" என்றார்.

மூன்றாமவர் ஷூ நிறைய மண்ணோடு வந்தார். "பின்பக்கத் தெரு வழியா வருவோம். முன்பக்கம் எல்லாரும் கேபிளை ஒரே குழாய்லதான் ஓட்டறாங்க, அது வேணாம்." லைன் அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. முதலாளி கேட்டார்: "அறுந்து போகாதே?"

"மண்ணுக்குள்ள கிடக்கறது சார், அறுந்தாலும் அறும். அன்னிக்கே ஒட்டிடுவோம்."

போச்சு. "விக்க வந்தவனே அறும்ங்கறான், இவன்கிட்ட வாங்கணுமாக்கும்" என்று முதலாளி எழுந்துவிட்டார். மச்சானுக்கு ஒரு லைன், சம்பந்திக்கு ஒரு லைன் என்று முடிவானது. ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடுமாம். வீட்டிலும் சண்டை இருக்காதாம்.

"ரெண்டும் ஒரே குழாய்ல வந்தா சேந்தே போகும் சார்."

"வாயைக் கழுவும்மா."

லைன் வந்ததும் மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் 'இரட்டை இணைப்பு, என்றும் தடையில்லை' என்று ஒரு போர்டு நடணுமாம். மச்சானையும் சம்பந்தியையும் வரவழைத்து, குழி எங்கே என்று அவரே காலால் கோடு கிழித்தார். மாடியிலிருந்த லைன் அக்காவை யார் கேட்டார்கள்? குழி தோண்டும் மெஷின் ஒரு இழுப்பு இழுத்தது. மேலே எல்லாத் திரையும் ஒன்றாக நின்றன.

ரிப்பேர் வேன் வருவதற்குள் வாசல் முழுக்க லாரி. மச்சானும் சம்பந்தியும் தனித்தனியாகப் போன் போட்டிருந்தார்கள்; வந்தது ஒரே வேன். "எங்க லைனை முதல்ல ஒட்டுங்க" என்று ஆளுக்கொரு பக்கம் நின்று பிடுங்கினார்கள்.

ரிப்பேர்க்காரர் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தார். "ரெண்டு பேருமே எங்க கேபிளைத்தானே வாடகைக்கு எடுத்திருக்கீங்க. இருக்கறதே இது ஒண்ணுதான்."

முதலாளி மெஷின்காரரிடம் பாய்ந்தார். "எவன் இங்க தோண்டச் சொன்னது?"

"நீங்கதான சார் கோடு போட்டீங்க."

அவர் அப்படியே லைன் அக்கா பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்காம்மா?"

இத்தனை நாள் பயந்த பயம் அவளுக்கு அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. "இருக்கு சார். யாரால நிக்குதோ அவங்க அன்னிக்கே கிளம்பிடணும்." போய் அவருடைய கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். "நீங்க கிளம்புங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

குடோன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி குழியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதலாளி காரில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் மண் ஷூக்காரருக்குப் போன் போட்டாள். கார் மட்டும் நகரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு லாரிகள் பில்லுக்காக நின்றன. லைன் வருகிறவரை முதலாளி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.