ஏகாம்பரம் போட்ட முப்பத்தொன்று

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, பீர் கம்பெனி முதலாளி சட்டா. அவருக்கு வலப்பக்கம், கார் சாவியையும் இரண்டு மொபைலையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஹோட்டலில் பான வகைகள் வாங்கும் மேனேஜர் ராஜசேகரன். இடப்பக்கம், மப்ளரைக் கழற்றி நாலாக மடித்து மடியில் வைத்தபடி, ஏகாம்பரம். நான்காவது ஆள் உட்காரவில்லை. நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கதவோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அவள்தான் அன்றைய பீரைக் காய்ச்சியவள். பெயர் பூங்கோதை.

இடம், நாட்டின் தலைநகரில் ஓக்லா தொழிற்பேட்டையில் கம்பெனியின் மாடி அறை. நாள், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நவம்பரில் ஒரு புதன்கிழமை. நேரம், காலை பதினொன்று. பனிமூட்டம் அப்போதுதான் கலையத் தொடங்கியிருந்தது.

ஏகாம்பரம் பீர் குடிக்கிறவர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு காபி ஏற்றுமதிக் கம்பெனியில் ருசி பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கரண்டி உறிஞ்சுவார், நாக்கில் உருட்டுவார், துப்புவார், மார்க் போடுவார். போட்ட மார்க்கை அடித்துத் திருத்தியது கிடையாது. ராஜசேகரனுக்கு, ஹோட்டலுக்குக் காபி வாங்கிய வகையில் அவரைப் பழக்கம். ராஜசேகரன்தான் சட்டாவிடம் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

சட்டாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. "பீர் குடிக்கிறவனுக்கு ஏற்கெனவே ஒரு பீர் பிடித்திருக்கும், ஏகாம்பரம்ஜி. உங்களுக்கு எதுவுமே பிடிக்காது. எனக்கு அந்த நாக்குதான் வேண்டும்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விதியைச் சொன்னார். மூன்று பேர் மார்க்கின் சராசரி அறுபதுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், டேங்கில் இருக்கும் இரண்டாயிரம் லிட்டரும் திங்கட்கிழமை காலை சாக்கடைக்குப் போகும். அதைக் காய்ச்சியவள் அன்று மாலையே ஊருக்குப் போகலாம். இதை அவள் எதிரிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், ஏதோ பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறவள் போல.

ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸில் ஊற்றினார்கள். ஏகாம்பரத்துக்கு நிறம் பிடித்தது. வடிகட்டிய நல்லெண்ணெய் போல ஒரு பொன் மஞ்சள். நுரை அடர்த்தியாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். அங்கேதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுத்துத் தோல் கறுத்த வாழைப்பழம். கூடவே கிராம்பு, மிளகு. அடியில் எங்கோ ஆரஞ்சுத் தோல்.

காபித் தொழிலில் பழ வாசனை என்றால் ஒரே அர்த்தம்தான். தொட்டியில் கொட்டையை அளவுக்கு மீறி ஊறவிட்டுவிட்டான், சரக்கு கெட்டது. அந்த வாசனைக்காக அவர் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு வாய் உறிஞ்சி, உருட்டி, கொண்டுவந்திருந்த எவர்சில்வர் போணியில் துப்பினார். படிவத்தில் 'கோளாறு' என்ற கட்டத்தில் 'அளவுக்கு மீறி ஊறியது' என்று எழுதி இருபத்தைந்து மார்க்கைக் கழித்தார். 'தொண்டையில் நிற்கும் ருசி' என்ற கட்டத்தில், தொண்டைக்கு எதுவும் போகாததால், ஒரு கோடு கிழித்தார். மொத்தம் முப்பத்தொன்று.

சட்டா எழுபத்திரண்டு, ராஜசேகரன் அறுபத்தெட்டு. சராசரி ஐம்பத்தேழு.

"அரே, மூணே மார்க்குல போச்சே" என்றார் ராஜசேகரன் தமிழில், ஏகாம்பரத்தின் காதருகே. "கொஞ்சம் தாராளமா போட்டிருக்கலாமே சார். கல்யாண வீட்டுக் காபின்னா நல்லா இல்லாட்டியும் குடிப்பீங்கள்ல?"

"கல்யாண வீட்ல மார்க் கேக்க மாட்டாங்க" என்றார் ஏகாம்பரம்.

மற்றவர்கள் டீக்காகக் காத்திருந்தபோது அவர் கை பழக்கதோஷத்தில் கிளாஸை மறுபடி எடுத்தது. முக்கால் மணி நேரமாகியிருந்தது. ஃப்ரிட்ஜ் குளிர் விட்டுப்போயிருந்தது. கெட்ட காபி நேரம் ஆக ஆக இன்னும் கெடும். சூடு மறைத்து வைத்திருந்த நாற்றமெல்லாம் ஆறினதும் வெளியே வரும். இதுவோ முன்னைவிட நன்றாக மணத்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். கதவோரம் நின்றவள் அதைப் பார்த்தாள்.

கிட்வாய் நகர் போகும் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

வீடு, மத்திய அரசு அலுவலகத்தில் யு.டி.சி. குமாஸ்தாவாக இருக்கும் மனைவி பொன்னம்மாளின் பெயரில் கிடைத்த குவார்ட்டர்ஸ். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் ரசத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, ரசத்துக்கும் மார்க்கா?" என்றாள் பொன்னம்மாள்.

"இல்ல. ஒரு தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு. பண்ணலயோன்னும் இருக்கு."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. காலைல ஆபீஸ் போகணும் நான்."

அவர் காரணத்தைச் சொன்னார். ஒரே பாட்டிலை வைத்து மார்க் போட்டது அவரை அரித்தது. காபிக்கு ஐந்து கிண்ணம் வைக்காமல் அவர் பேனாவைத் திறந்ததே இல்லை. ஒரு கிண்ணத்தில் மட்டும் நாற்றம் இருந்தால் அது விபத்து. ஐந்திலும் ஒவ்வொரு மாதிரி நாற்றம் இருந்தால் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐந்திலும் மயிரிழை பிசகாமல் ஒரே மணம் என்றால்? அப்படி அவருக்கு நேர்ந்ததில்லை. பீர்தானே என்று முறையை விட்டுவிட்டார். அந்த அசட்டையில் ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது.

மறுநாள் ராஜசேகரனிடம் எண் வாங்கி அவளுக்குப் போன் செய்தார். வேறு வேறு நாளில் காய்ச்சியதில் ஐந்து பாட்டில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கெல்லாம், ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைப் பை ஒன்றில் பத்திரிகைத் தாள் சுற்றிய பாட்டில்களோடு வந்து நின்றாள்.

"உட்காரும்மா" என்றாள் பொன்னம்மாள், இவர் வாயைத் திறப்பதற்கு முன்.

"இருக்கட்டுங்க, நின்னே பழகிருச்சு" என்றபடியே உட்கார்ந்தாள்.

'ங்க' என்ற இழுப்பு ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. "எந்த ஊர் நீ?"

"திருச்செங்கோடுங்க."

அவர் ராசிபுரம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இனிமேல் ஒரு மார்க் ஏற்றினாலும் அது நாக்கு போட்டதா, ஊர்ப்பாசம் போட்டதா? அவருக்கே நிச்சயமில்லை.

"ஊரெல்லாம் அப்புறம் பேசலாம். மொதல்ல டம்ளர்" என்றார், கேட்டதே தாம்தான் என்பதை மறந்து.

ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள். அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிய சீட்டு ஒட்டினார். பூங்கோதை அடுக்களையில் ஊற்றினாள். எதில் எந்த நாளையது என்று அவள் மட்டும் குறித்துக்கொண்டாள். பொன்னம்மாள் அவற்றைக் கலைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"பக்கத்து வீட்டு மாமி வந்தா என்ன சொல்றது? ஜிகிர்தண்டாவா?"

"கதவச் சாத்து."

அவர் முகர்ந்தார். வாழைப்பழம், கிராம்பு, மிளகு. இரண்டாவது. வாழைப்பழம், கிராம்பு, மிளகு. மூன்று, நான்கு, ஐந்து. திரும்ப ஐந்திலிருந்து ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று. ஒன்றுக்கொன்று ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"எத்தனை நாள் சரக்கு இது?"

"மூணு தடவை காய்ச்சினதுங்க. ஆகஸ்டு சரக்குல ஒரு பாட்டில், அக்டோபர்ல ரெண்டு, இப்ப டேங்க்ல இருக்கறதுல ரெண்டு."

"கிராம்பு எவ்வளவு போட்டே?"

"கிராம்பே போடலீங்க. வாழைப்பழமும் போடல. பார்லி, சர்க்கரை, ஹாப்புங்கற கசப்புப் பூ, தண்ணி. மணமெல்லாம் ஈஸ்ட் குடுக்கறது. பெல்ஜியத்து ஈஸ்ட். சூட்டை ஒரு டிகிரி ஏத்தினா வாழைப்பழம் தூக்கிரும், இறக்கினா கிராம்பு தூக்கிரும். ரெண்டும் சமமா நிக்கணும்னு பதிமூணு ராத்திரி டேங்க் பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்தேன்."

"வேணும்னே பண்ணினதா?" அவர் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது.

"வேணும்னேதானுங்க."

முப்பத்திரண்டு வருஷமாக எதை விரட்டினாரோ, அதை ஒருத்தி கட்டில் போட்டுக் காவல் காத்து வரவழைத்திருக்கிறாள். ஏகாம்பரம் நெற்றியைத் தேய்த்தார். இது கெட்டதில்லை என்றால், அவர் திருப்பி அனுப்பிய லாரிகள்? சே, அது வேறு. அது வேறுதானா?

"சார், இன்னொண்ணுங்க. நீங்க அன்னிக்குத் துப்பிட்டீங்க" என்றாள் பூங்கோதை, தரையைப் பார்த்து. "காபிக்குச் சரி. இதுல கசப்பு தொண்டைக்குப் போனாத்தான் தெரியும். துப்பினா வெறும் இனிப்புதான் மிஞ்சும்."

"நான் முழுங்கறதில்ல."

"ஒரு வாய் முழுங்குனா உங்க நாக்கு ஒண்ணும் ராஜினாமா பண்ணிடாது" என்றாள் பொன்னம்மாள். "பாதி பரீட்சைய வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைய ஃபெயிலாக்கி இருக்கீங்க."

அவர் மூன்றாம் எண் டம்ளரை எடுத்து ஒரு வாய் விழுங்கினார். முதலில் இனிப்பு. அது பாதித் தொண்டையில் காணாமல் போயிற்று. அப்புறம், வருமா வராதா என்று நினைக்க வைத்துவிட்டு, வெந்தயம் கடித்தது போல் ஒரு கசப்பு வந்து நின்றது. வாய் சுத்தமாக உலர்ந்தது. கூடவே காது மடல் சுட்டது.

"எவ்வளவு போதை இதுல?"

"எட்டரை சதவீதம். ஸ்ட்ராங்குதானுங்க."

"அப்ப இன்னிக்கு நான் எதுவும் எழுத மாட்டேன்."

"நல்லா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றாள் பொன்னம்மாள்.

ஏகாம்பரம் டம்ளரை வரிசையில் திரும்ப வைத்தார். "தெரியல" என்றார்.

பூங்கோதை இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கழுவுதொட்டியில் தானே கொட்டி, டம்ளர்களையும் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்து, வெந்நீர் குடித்து, காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார். மார்க்கை மாற்றுவதென்றால் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்பது சட்டாவின் விதி. திங்கட்கிழமைக்குள் கையில் கிடைக்க வேண்டும். கடிதம் எழுத அவருக்கு ராசிபுரம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலத்துக்கும் பொருந்தியது: ஒரு பத்திக்கு ஒரு விஷயம், பத்திக்கு எண்.

ஒன்று. கோளாறு என்று கழித்த இருபத்தைந்தைத் திரும்பக் கொடுக்கிறேன். மூன்று வேறு நாளில் காய்ச்சிய சரக்கில் ஐந்து மாதிரி பார்த்தேன். தப்பு நாளுக்கு ஒரு முகம் காட்டும். இது ஒரே முகம் காட்டியது. இரண்டு. தொண்டையில் நிற்கும் ருசிக்குக் கோடு கிழித்தது என் பிழை. அதற்கு ஆறு. மூன்று. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற கட்டத்தில் இருபதுக்கு ஐந்து போட்டிருந்தேன். அதை மாற்றவில்லை. எனக்கு இன்னும் புரியவில்லை.

கூட்டிப் பார்த்தார். அறுபத்திரண்டு. பேனா நின்றது. முப்பத்தொன்றுக்குச் சரியாக இரண்டு மடங்கு, சராசரியும் அறுபத்தேழுக்கு ஏறிவிடும்! சட்டா மட்டும் என்ன, யார் பார்த்தாலும் வேண்டியவளுக்குத் தட்டிக்கொட்டிப் போட்ட மார்க் என்றுதான் சொல்வார்கள். ஆறை ஐந்தாக்கலாமா? ஆக்கினால் அதுவும் பொய். ஏழாக்கினால் பெரிய பொய். அரை மணி நேரம் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காம் பத்தியை எழுதினார். அந்தப் பெண் என் ஊருக்குப் பக்கத்து ஊர். மாதிரிகளை நான் கேட்டு அவள் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் மனைவி அவளுக்குத் தோசை கொடுத்தாள். இதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளவும்.

ஆபீஸுக்குக் கிளம்பிய பொன்னம்மாள் எட்டிப் படித்தாள். "இதை எதுக்கு எழுதறீங்க? அந்த ஆளு மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டா அந்தப் புள்ள கதி?"

"எழுதலன்னா நான் போட்டது மார்க்கா, சிபாரிசான்னு எனக்கே தெரியாது."

"எழுதினா தெரிஞ்சிருமா?"

நான்காம் பத்தியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார், அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் ஜன்னலுக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். அவர் முறை வந்தபோது உறை இன்னும் திறந்துதான் இருந்தது. கடிதத்தை வெளியே எடுத்து அறுபத்திரண்டை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

"ஜல்தி, அங்கிள்" என்றாள் ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண். "போடறீங்களா இல்லையா?"

ஏகாம்பரம் கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்தார். அங்கிருந்த பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, உறையின் வாயில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தடவி, உள்ளங்கையால் அழுத்தினார்.

"நாளைக்குள்ள ஓக்லா போயிடுமா?"

"போயிடும்."

அவள் எடை போட்டு, சீட்டு ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை குத்தி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே உறையைச் சாக்குக்குள் எறிந்தாள்.